முன்னேற்றம் இல்லை என்று நான் எழுதியவர்

என் இருபதாவது வயதில் ஊழியம் செய்யக் காரைக்குடிக்கு வந்தேன். சொந்த ஊர் மலேசியாவில் கிள்ளான். அப்பா லாரி ஓட்டினார். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது அம்மா மார்மன் சபையில் சேர்ந்தார். அவர் பின்னாலேயே நானும் போனேன். அந்தச் சபையில் பிள்ளைகள் வயது வந்ததும் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று வீட்டை விட்டுப் போய், ஏதாவது ஒரு நாட்டில் வேதம் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். எந்த நாடு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. என் தோழிக்கு நியூசிலாந்து வந்தது. படங்களில் ஆட்டுக்குட்டிகளோடு நின்றாள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் தமிழ்நாடு வந்தது.

சென்னையில் நான்கு மாதம் கழிந்த பிறகு காரைக்குடிக்கு மாற்றினார்கள். செக்காலைப் பக்கம் ஒரு வீட்டின் மாடி. எனக்குத் துணையாக ராஜமுந்திரியிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட ஒரு வயது சின்னவள், தமிழ் அரைகுறை. துணை என்றால் சும்மா கூட வருகிறவள் இல்லை. ஒருவர் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மற்றவர் விலகவே கூடாது. கடைக்குப் போனாலும் இரண்டு பேர், மொட்டை மாடியில் துணி காயப்போட்டாலும் இரண்டு பேர். தனியாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் குளியலறை. அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் விழும் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள். கேட்கும். நான் கேட்காத மாதிரி இருப்பேன். இதுவும் ஊழியத்தில் கற்றுக்கொண்ட ஒன்றுதான்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். ஒரு மணி நேரம் தனியாகப் படிப்பு, ஒரு மணி நேரம் சேர்ந்து படிப்பு, பிறகு அன்றைய திட்டம். தெருவில் போகிறவர்களை நாங்களாக நிறுத்திப் பேசக் கூடாது. கேட்கிறவர்களுக்கு மட்டுமே சொல்லலாம். அதனால் பாதி நாள், யாராவது கேட்க மாட்டார்களா என்று நடப்பதிலேயே போகும். சுடிதாரின் மேல் கறுப்பு அட்டையில் என் பெயர் குத்தியிருக்கும். 'சகோதரி' என்ற சொல்லும் கூடவே அப்பாவின் பெயரும். பால்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார்: "என்னம்மா, அப்பா பேர நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரியிறீக? நீங்க கன்னியாஸ்திரியா?" இல்லை என்று விளக்கினேன். "அப்பக் கல்யாணம் உண்டா?" உண்டு என்றேன். "அப்ப எதுக்கு இந்த வயசுல இந்தக் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காமல் மொபெட்டைக் கிளப்பிப் போனார்.

இந்த ஊரில் எங்களுக்குப் பெரிய சோதனை காப்பி. எங்கள் சபையில் காப்பியும் தேநீரும் கூடாது. இங்கேயோ படி ஏறி உட்கார்வதற்குள் அடுப்பில் பால் வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் முகம் மாறும். ஒரு வீட்டில் அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, "எங்க வீட்டுல கை நனைக்க மாட்டாகளாம்" என்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. சாதி பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டார். திரும்பிப் போய் விளக்கிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. துணை என்னைப் பார்த்தாள். "அடுத்த வீடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஒரு வாடகை ஹால். நல்ல வாரம் என்றால் பதினைந்து பேர் வருவார்கள். அதே ஹாலில் சனிக்கிழமை இலவச ஆங்கில வகுப்பு நடத்தினோம். அங்கேதான், பின்னால் நான் அக்கா என்று கூப்பிட்டவர் வந்தார்.

அவருக்கு வயது முப்பத்தொன்று. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அமராவதிபுதூரில் விவசாயக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அவரும் மட்டும். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். எழுதுவதிலும் படிப்பதிலும் தேறிவிட்டார். பேச்சில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டது. முதல் நாள் என் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆஸ்பத்திரில என்னையச் சிஸ்டர்ங்கிறாக. இங்க நீங்க சிஸ்டரா? அப்ப ரெண்டு பேருல யாரு யாருக்கு ஊசி போடுறது?"

மறு வாரம் என்னிடம் வந்து, வீட்டுக்கு வந்து தனியாகப் பேச்சுப் பழக்கித் தர முடியுமா என்று கேட்டார். வீட்டுக்கு வருவோம், கொஞ்ச நேரம் ஆங்கிலம், கொஞ்ச நேரம் எங்கள் சபைப் புத்தகத்திலிருந்து படிப்போம் என்றேன். சம்மதித்தார். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரை மணி. டவுன் பஸ்ஸில் போவோம்.

காப்பி வேண்டாம் என்று நாங்கள் சொன்னபோது அவர் அம்மா மட்டும் முகம் சுளிக்கவில்லை. "அப்பப் பசும்பால் குடிப்பீகளா? அதுலயும் எதாச்சும் இருக்கா?" என்று கேட்டுப் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தார். அடுத்த முறையிலிருந்து கேட்கவே இல்லை. இரண்டு டம்ளர் பால் தயாராக இருக்கும்.

அக்கா நன்றாகப் படிப்பவர். நாங்கள் கொடுத்த புத்தகத்தைப் பென்சிலோடு படித்தார். சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் எழுதி வைப்பார். ஆங்கிலப் பயிற்சியில் நான் நோயாளி, அவர் நர்ஸ். நான் வயிற்று வலி என்று நடிப்பேன். அவர் ஆங்கிலத்தில் விசாரிப்பார். ஒருநாள் நான் ரொம்பவே முனகியதில் அவர் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அன்றைக்கு என் துணைகூடக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாங்கள் சேர்ந்திருந்த மாதங்களில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இரண்டு மாதத்தில் அக்கா எங்களைச் சிஸ்டர் என்பதை விட்டுவிட்டார். 'நீங்க' போய் 'நீ' வந்தது. என்னைத் தங்கச்சி என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் சந்திக்கிறவர்களைப் பற்றிப் போனில் குறிப்பு எழுத வேண்டும். யார் படிக்கிறார், யார் கூட்டத்துக்கு வருகிறார், யார் ஞானஸ்நானத்துக்குத் தயார். அக்காவின் பெயருக்கு நேரே வாராவாரம் 'முன்னேற்றம் உண்டு' என்று எழுதினேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. அக்காவைப் பற்றிய பெருமையா, என்னைப் பற்றியதா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஐந்தாவது மாதம் எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக் கிடந்தேன். நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துணை அக்காவுக்குப் போன் செய்தாள். அவர் ஆட்டோவோடு வந்து, கைத்தாங்கலாக இறக்கி, தன் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார். ஐந்து நாள் ட்ரிப்ஸ். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கஞ்சி வடித்து எடுத்து வருவார். வியர்த்துச் சிக்குப் பிடித்த என் தலையை வெந்நீரில் அலசித் துவட்டிவிட்டார். எங்களுக்கு வீட்டோடு பேச வாரம் ஒரு நாள்தான் அனுமதி. அந்தத் திங்கட்கிழமை என்னால் பேச முடியவில்லை. போனை வாங்கி அவரே பேசினார்.

"அம்மா, நீங்க அழுகாதீக. இங்க நான் இருக்கேன். உங்க பிள்ளையத் தனியா விட மாட்டேன்."

கிள்ளானில் அம்மா அழுவது ஸ்பீக்கரில் கேட்டது. என் அம்மா அதுவரை பார்த்திராத ஒரு பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். டிஸ்சார்ஜ் ஆனதும் மேலும் நான்கு நாள் அமராவதிபுதூருக்கே கூட்டிப் போய் வைத்துக்கொண்டார். துணைக்கும் ஒரு பாய் போட்டார்கள்.

எனக்கு உடம்பு தேறிய பிறகு, அவர் அம்மா குன்றக்குடிக்குப் போக வேண்டும் என்றார். என் காய்ச்சல் இறங்கினால் முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாராம். கார்த்திகை நட்சத்திரத்தன்று நாங்களும் பஸ்ஸில் கூடப் போனோம். அடிவாரத்தோடு நின்றுகொண்டோம். பிற கோயிலுக்குள் போகக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நானாகத்தான் மேலே ஏறவில்லை. போட்டோ ஏதாவது யார் கண்ணிலாவது பட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

"நீங்க இங்குட்டு நிழல்ல இருங்க. நாங்க போயிட்டு வந்துர்றோம்" என்றார் அவர் அம்மா. அறுபது வயதுக்கு மேல் ஆனவர். மூட்டு வலியோடு, எனக்காகத் தலையில் குடத்தை வைத்துக்கொண்டு படி ஏறினார். நான் துணையோடு மரத்தடியில் உட்கார்ந்து மயில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் இறங்கி வந்தது அக்கா. நெற்றியில் திருநீறு. எனக்கென்று பொட்டலம் கட்டி வரவில்லை. "ஒனக்கு வேணாம்ல" என்று தானாகவே சொன்னார். அம்மா மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் கேட்டேன். அதற்கு முந்தைய நாலு நாளும் அதை எப்படிக் கேட்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு செய்தவருக்கு நான் திருப்பித் தரக்கூடிய பெரிய பொருள் அது ஒன்றுதான் என்று உண்மையாகவே நம்பினேன்.

"அக்கா, ஞானஸ்நானம் எடுத்துக்கிறீங்களா?"

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு?"

"இது உண்மையான வழி அக்கா. எனக்குத் தெரியும்."

"நீ எப்பவும் தெரியும்னே சொல்லுற. நம்புறேன்னு சொல்ல மாட்டேங்கிற. ஒரு ஆளுக்குக் காய்ச்சல் நூத்தி மூணுன்னா எனக்குத் தெரியும். தெர்மாமீட்டர் வச்சுப் பாப்பேன். ஒனக்கு இது எப்படித் தெரியும்?"

ஜெபத்தில் பதில் கிடைக்கும், மனசுக்குள் ஒரு கதகதப்பு வரும் என்று மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன்.

"ஒனக்கு வந்துச்சா?"

நான் கீழே கிடந்த ஒரு சருகை எடுத்து மடித்தேன்.

"வாதத்துக்குக் கேக்கல தங்கச்சி. நெசமாத்தான் கேக்குறேன். நீ வந்துச்சுன்னு சொன்னா நம்புவேன். ஒன் வாயால கேக்கணும், அதுக்குத்தான்."

வந்தது என்று சொல்லியிருக்கலாம். அதை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் மேடை ஏறிக் குரல் நடுங்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மரத்தடியில், என் தலையைத் துவட்டியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. "நீங்களும் ஜெபம் பண்ணிப் பாருங்க அக்கா" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்கு ஒன்னைய ரொம்பப் புடிக்கும். அதுக்காகத் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்சா, அது பொய்யாப் போயிரும்ல. நான் மாட்டேன். நீ கோவிச்சுக்கிறாத. எப்பவும்போல வா."

அவர் அம்மா கடைசிப் படிக்கு வந்து, மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே ஒனக்கு ஒண்ணும் வராது தாயி" என்றார்.

அந்த ஞாயிறு, எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பாக இருந்த வாலிபன் போன் செய்தான். எங்களைப் போலவே ஊழியத்துக்கு வந்தவன், என் வயதுதான். அக்காவைப் பற்றிக் கேட்டான். மறுத்துவிட்டார் என்றேன். "அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று நீங்களே ஜெபம் பண்ணி முடிவெடுங்கள்" என்றான். கட்டளை எதுவும் போடவில்லை. அவன்மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. போனைத் திறந்து அக்காவின் பெயருக்கு நேரே 'முன்னேற்றம் இல்லை' என்று நான்தான் எழுதினேன். செவ்வாய், வியாழன் ஐந்தரை மணிக்கு வேறு ஒரு குடும்பத்தைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பஸ் நிறுத்தத்துக்கு எதிர்த்திசையில் நடந்தபோது துணை நின்றுவிட்டாள். அவள் விதிகளை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றுகிறவள். ஆறரைக்கு அலாரம் அடித்தால் ஆறரைக்கு முட்டி போடுவாள்.

"அக்கா, இது தப்பு. அவங்க உங்களை எவ்வளவு நல்லா பாத்தாங்க. ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வரலாம்."

"நம்ம நேரம் ஆண்டவரோடது. நம்ம இஷ்டத்துக்குச் செலவு பண்ண முடியாது" என்றேன். அவள் அடிக்கடி என்னிடம் சொல்லும் வாக்கியம் அது. அதையே எடுத்து அவள் வாயை அடைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு கூட நடந்தாள்.

உண்மை என்னவென்றால், நான் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அங்கே போகாமல் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் இன்னொரு முறை கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். இதை எனக்கே நான் ஒப்புக்கொள்ளப் பல வருடம் ஆனது. அப்போது அதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அக்கா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். மற்றவர்களிடம் கேட்ட மாதிரியே அவரிடமும் ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்ததும் அடுத்தவரிடம் போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்க அவரும் கை கொடுத்தார். கடைசி நாற்காலியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"செவ்வாக்கெழம வரல. வியாழக்கெழமையும் வரல. மறுபடி காய்ச்சலோன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு."

"இல்லக்கா. வேலை கொஞ்சம் அதிகம்."

"போன எடுக்க முடியாத அளவுக்கா?"

கரும்பலகையைத் துடைத்தேன். துணை வாசற்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான் மாட்டேன்னு சொன்னதுனாலதான?"

நான் பலகையிலிருந்து திரும்பவில்லை. என் முதுகையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

"அப்பச் சரி. நீங்க வந்தது எனக்காக இல்ல. இத மொதல்லயே சொல்லியிருந்தீகன்னா, நானும் படிச்சமா, எந்திரிச்சமான்னு இருந்திருப்பேன். எங்கம்மாவ உங்களுக்காக மல ஏற விட்டுருக்க மாட்டேன்."

நீங்க. சொல்லியிருந்தீக. உங்களுக்காக. மூன்று நான்கு மாதமாகத் தங்கச்சியாக இருந்தவளை ஒரே மூச்சில் வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். குரல் உயரவில்லை. நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுகிற குரல்.

"இன்னும் மூணு வாரத்துல பரீட்ச. அதுக்காகக் கேக்க வந்தேன்னு நெனச்சுக்கிறாதீக" என்றார். பையிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வாரேங்க" என்று துணையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.

அன்று மாலை வீட்டில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். முக்கால்வாசி வரை படித்திருந்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'இவர் ஏன் அண்ணனை மன்னிக்கவில்லை?' 'இந்த இடம் அழகு.' ஏழெட்டு இடங்களில் 'தங்கச்சியிடம் கேக்கணும்' என்று இருந்தது. எங்களிடம் தமிழ்ப் பிரதிகள் குறைவு. புதிய குடும்பத்துக்கு ஒன்று தேவைப்பட்டது. அழிரப்பர் எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அழித்தேன். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. துணை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதவ வரவில்லை.

புதிய குடும்பம் மூன்று வாரம் எங்களை உட்கார வைத்துப் பேசியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மலேசியாவில் ஒரு வேலை. என்னால் அது முடியாது என்று தெரிந்ததும் கதவு திறக்கவில்லை. அதற்குள் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு நாளில் கிளம்பினேன். அமராவதிபுதூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என் பஸ் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. போய்த் திரும்பியிருக்கலாம்.

ஊழியம் முடிந்து கிள்ளானுக்கு வந்த பிறகு துணையோடு ஒருமுறை போனில் பேசினேன். நான் போன பின்னும் அவள் மூன்று மாதம் காரைக்குடியில் இருந்தாள். "நான் போனேன் அக்கா, ரெண்டு தடவை" என்றாள். "உள்ள கூப்பிடல. வாசல்லயே தண்ணி குடுத்தாங்க. பரீட்சை போயிடுச்சாம். பேச்சுலதான்." பிறகு அவள், தனக்கு நிச்சயமாகியிருக்கிறது என்று வேறு பேச்சை எடுத்தாள்.

அக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். எழுதி முடிக்க ஒரு வாரம் பிடித்தது. மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொன்னேன், காரணத்தை அடித்துவிட்டு மறுபடியும் மன்னிப்பு மட்டும் கேட்டேன். அனுப்பிய பத்தாவது நிமிடம் இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அவர் படம் இருந்த இடத்தில் சில மாதம் கழித்து அவர் அம்மாவின் படம் வந்தது, மாலை போட்டு. என்ன ஆனது, எப்போது ஆனது, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஒரு நாள் அந்தப் படமும் போய்ச் சாம்பல் வட்டம் மட்டும் இருந்தது. நம்பரை மாற்றினாரா, என்னை விலக்கினாரா என்று தெரியவில்லை. அடுத்த முறையாவது தேறி வெளிநாடு போனாரா என்பதும் தெரியாது.

எனக்கு இப்போது இருபத்தைந்து வயது. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறேன். போகாமல் இருந்தால் அம்மா உடைந்துபோவார். சென்ற மாதம், ஊழியத்துக்குக் கிளம்பும் மூன்று பெண்களிடம் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஒருத்திக்கு இந்தியா வந்திருக்கிறது. மடியில் புது நோட்டு, கையில் பேனா. பயத்தை மறைக்கத் தெரியாத முகம்.

"உங்களுக்கு அங்க ரொம்பக் கஷ்டமா இருந்தது எது அக்கா?"

அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.